பின்னணியில் நிற்கும் ஊர்

பல்லேகல என்னும் பெயரைக் கடல் கடந்த நாட்டார் பலர் அறிந்தது கிரிக்கெட் மைதானத்தினால் ஆகும். 2010 ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே முதலாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றது. ஆடுவோரைப் பின்தொடரும் கமரா இடையிடையே மலைகளின் மீதும் திரும்பும். காண்போர், "அழகிய இடம்" என்பர். அம்மலைச் சரிவில் வாழ்வோர் யாவர் என வினவுவார் இலர். முன்னே நிற்பவருக்குப் பெயரைத் தந்து, பின்னே நிற்பதை வெறுந் திரைச்சீலை ஆக்கிவிடுவது கமராவின் இயல்பு.

கிட்டாரும் ட்ரம்ஸும் சேர்த்து றொக் இசைக்குழு அமைத்து, தம் முதற் பாடலைப் படத்துடன் வெளியிட விழையும் மாணவர் நம்மிடையே உளர். அவர்களையும் அவர்தம் பெற்றோரையும் முன்னிறுத்தி இவ்வாரம் சில சொல்ல விரும்புகின்றோம்.

ஒரு காலத்தில் முதற் பாடல் என்பது ஏழங்குல இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதனை ஊரெங்கும் பரப்பியது வானொலி. 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. என்னும் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியபோது இந்நிலை மாறிற்று. அது முதலிற் காட்டியது பகிள்ஸ் என்னும் ஆங்கிலக் குழு 1979 இல் வெளியிட்ட முதற் பாடலின் படத்தை. வானொலிப் பாடகனை ஒளிநாடா வீழ்த்திய கதையே அப்பாடலின் பொருள்! படத்தை இயக்கியவர் ரசல் மல்கேஹி.

பர்மிங்ஹாம் நகரத்து டுரான் டுரான் குழு 1981 பெப்ரவரியில் வெளியிட்ட முதற் பாடல் 'பிளனெற் ஏர்த்'. அதற்கும் படம் எடுத்தவர் மல்கேஹியே. அது கலையகத்தின் நான்கு சுவர்களுக்குள் அமைந்தது. மறு ஆண்டு அக்குழுவினரும் அவரும் இலங்கைக்கு வந்தனர். சிகிரியாக் குன்றும், பொலன்னறுவைச் சிலைகளும், யானைகளும், காடும், கடைத்தெருவும் அவர்தம் படங்களில் இடம்பெற்றன. அவ்வாறு உருவான 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' என்னும் பாடல், எம்.ரி.வி.யில் அப்படம் அடிக்கடி காட்டப்பட்டதன் பயனாக, 1983 மார்ச்சில் அமெரிக்க வரிசையில் மூன்றாம் இடத்தை எட்டியது.

அப்படங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவற்றில் நம் நாட்டு மனிதர் கடைத்தெருக் கூட்டமாக வந்து போகின்றனரேயன்றி, ஒருவருக்கேனும் பெயரில்லை, கதையுமில்லை.

அதே 1983 இல் கண்டிக்கு வேறொரு படக்குழு வந்தது. ஸ்பீல்பேர்க் இயக்கிய இரண்டாவது இன்டியானா ஜோன்ஸ் திரைப்படத்தின் கதை இந்தியாவில் நிகழ்வது. அங்கே அனுமதி கிடைக்காமையால் கண்டிச் சீமை இந்தியக் கிராமமாக வேடம் பூண்டது. கிராமத்தார் பேசியதோ சிங்களம்! பல்லேகலவைக் கடந்து தெல்தெனியப் பக்கம் செல்வோர் அறிந்த விக்டோரியா அணைக்கட்டு அப்போது எழுந்துகொண்டிருந்தது. அதற்கு அண்மையிலேயே படத்தின் தொங்குபாலம் கட்டப்பட்டது.

அவ்வாண்டு ஜூலையில் நிகழ்ந்தவற்றை நம் குடும்பங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச்சில் நம் தீவை எழிற்காடாகக் கண்ட உலகம், ஜூலையில் அதனை எரியும் தெருவாகக் கண்டது. இரண்டுக்கும் இடையே இங்கு நாள்தோறும் உழைத்து, உண்டு, உறங்கிய மக்களின் முகத்தை அது கண்டதில்லை. கண்டிருந்தால் துயரம் நேர்ந்திராது என்று நாம் கூறவில்லை. ஆயின், துயருற்றோர் உலகுக்கு முற்றிலும் அந்நியராய் இருந்திரார்.

வேறு வழி உண்டென்பதற்கு 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' சான்றாகும். அது றொக் குழுவின் பாடலன்று. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை நம் மலையகம் மறக்குமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவருள் ஒருவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். பாடலுக்கு ஊற்றாயிருந்த அவரே படத்திலும் தோன்றுகின்றார். நிலம் பின்னணியாய் நில்லாமல் பேசுகின்றது. பின்னர் 2022 இல், அப்பாடலில் எவர் பங்கு எத்துணை என்பது பற்றி ஆக்கியோரிடையே வெளிப்படையான வாதம் எழுந்தமையும் நமக்கு ஒரு பாடமே.

ஆகவே, இளைஞர்களே, முதற் பாடலுக்குப் படம் எடுக்கப் புறப்படுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். பாட்டு எவருடையது, மெட்டு எவருடையது, படம் எவருடையது என்பதைத் தாளில் எழுதி யாவரும் கையொப்பமிடுங்கள். அடுத்து, எந்தத் தோட்டத்தில், எந்தத் தெருவில் நின்று பாடுகின்றீர்களோ, அங்குள்ளோரிடம் அனுமதி கேளுங்கள். அவர்தம் கதையைக் கேளுங்கள். அவர் இசைந்தால் அவர் பெயரையும் படத்தின் இறுதியிற் சேருங்கள். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வெளியூரார் நம் மலைகளைப் பார்த்துச் சென்றுவிட்டனர். மலையில் வாழ்வோரைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.