"இதுதான் ஏற்கெனவே இருக்கே?"

ஒரே கதைப் புத்தகத்தை நான்காவது முறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவரை வரவேற்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். "இதுதான் ஏற்கெனவே இருக்கே?"

இருக்கிறதுதான். அலமாரியில் மூன்று இருக்கின்றன. ஒன்று பள்ளிக்கூட நாள்களில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முதுகு கிழிந்து, நூல் தொங்குகிறது. இன்னொன்று படங்களுக்காக வாங்கிய பெரிய அளவுப் பதிப்பு. மூன்றாவது யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்தது. நான்காவது எதற்கு என்று கேட்டால், "அட்டை நல்லா இருந்தது" என்று முணுமுணுப்பார். பாவம், அதைவிட நல்ல பதில் ஒன்று அவருக்கு இருக்கிறது. அதைச் சொல்ல 1937-ம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி 'தி ஹாபிட்' வெளிவந்தது. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர்.டோல்கீன். பாதங்களில் ரோமம் அடர்ந்த குள்ள மனிதர்களுக்கு ஹாபிட் என்று பெயர். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பில்போ என்ற ஹாபிட், டிராகன் காவல் காக்கும் புதையலைத் தேடிக் கிளம்புகிற கதை. பதிப்பகத்தின் தலைவர் ஸ்டான்லி அன்வின், குழந்தைகள் புத்தகத்துக்குக் குழந்தைதான் சரியான நீதிபதி என்று நினைத்தவர். அதனால் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்தார். பையன் படித்து, 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான். உலகப் பதிப்பு வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய முடிவு எடுக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலில் அச்சிட்டது 1,500 பிரதிகள். டிசம்பருக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அந்த 1,500-ல் மிஞ்சியிருப்பதைத்தான் இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். பழசு என்பதால் வந்த ஆசை மட்டுமில்லை இது. அந்தப் புத்தகத்துக்குள் இருக்கும் கதையே வேறு.

ஐந்தாம் அத்தியாயத்தில் பில்போ மலைக்கு அடியில் ஓர் இருட்டுக் குகையில் வழி தவறிவிடுகிறான். தரையில் ஒரு மோதிரம் கிடைக்கிறது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். அங்கே வாழும் கோல்லம் என்ற பிராணியோடு விடுகதைப் போட்டி நடக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் புத்தகத்தில், போட்டியில் தோற்ற கோல்லம் பில்போவைக் கொன்று தின்னத் திட்டம் போடுகிறது. அணிந்தால் ஆள் மறைந்துபோகும் தன் மோதிரத்தைத் தேடுகிறது. காணோம். ஆத்திரத்தில் அலறித் துரத்துகிறது. சினிமாவில் பார்த்தவர்களுக்கும் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும்.

1937 புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது! அதில் பந்தயமே வேறு. பில்போ தோற்றால் கோல்லத்துக்கு இரை. கோல்லம் தோற்றால் ஒரு பரிசு தர வேண்டும். அந்தப் பரிசுதான் மோதிரம். கோல்லம் தோற்கிறது, சொன்ன வாக்கைக் காப்பாற்ற மோதிரத்தை எடுத்துவரப் போகிறது. கிடைக்கவில்லை. திரும்பி வந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறது. பதிலுக்கு மீன் பிடித்துத் தரட்டுமா என்கிறது. பில்போவோ மோதிரம் தன் பையில் இருப்பதை வாயே திறக்காமல், "பரிசு வேண்டாம், வெளியே போக வழி காட்டு" என்கிற மாதிரி பேசித் தப்பித்துவிடுகிறான். கோல்லமும் வழி காட்டுகிறது. இரண்டையும் படித்தவர்கள் சொல்லட்டும், இதில் யார் நல்லவன் என்று.

ஏன் மாறியது? ஹாபிட்டுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து அடுத்த கதை கேட்டார்கள். டோல்கீன் எழுத ஆரம்பித்தது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மாபெரும் நாவலாக வளர்ந்தது. அதில் அந்தச் சின்ன மோதிரம் உலகத்தையே அழிக்கக்கூடிய சக்தியாகிவிட்டது. அணிந்தவன் மனம் உவந்து பிறருக்குக் கொடுக்க முடியாத மோதிரம். அப்படியானால் கோல்லம் அதைப் பரிசாகக் கொடுக்க முன்வந்திருக்குமா? கதை இடித்தது. 1947-ல் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி, இப்படி இருந்தால் எப்படி என்று ஒரு மாதிரிக்காகப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். மூன்று வருடம் ஓசையே இல்லை. 1950-ல் புதுப் பதிப்புக்கான அச்சுப் படிகள் திருத்துவதற்கு வந்தபோது பார்த்தால், மாதிரிக்கு அனுப்பியது அப்படியே அச்சாகியிருக்கிறது! அவருக்கே ஆச்சரியம். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1951-ல் இரண்டாம் பதிப்பு வந்தது.

அதுவரை விற்ற பிரதிகளை என்ன செய்வது? அங்கேதான் டோல்கீனின் சாமர்த்தியம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரைப் பகுதியில் ஒரு விளக்கம் சேர்த்தார். பில்போ முதலில் சொன்னது பொய். மோதிரம் தனக்கு நியாயமாகக் கிடைத்தது என்று காட்டிக்கொள்ள அவன் கட்டிய கதை. பின்னால்தான் உண்மை வெளிவந்தது. ஆக, 1937 புத்தகம் வைத்திருப்பவர் கையில் இருப்பது அச்சுப்பிழை உள்ள பதிப்பு இல்லை. பில்போ சொன்ன பொய்யின் மூலப்பிரதி! எந்தச் சேகரிப்பாளருக்குத்தான் கை அரிக்காது?

நம் வீடுகளுக்கும் இந்தச் சங்கதி புதிதில்லை. 'பொன்னியின் செல்வன்' மாயாஜாலக் கதை இல்லைதான். ஆனால் 1950-களில் 'கல்கி' இதழில் அது தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்த பாட்டிகளும் தாத்தாக்களும் எத்தனை பேர்! ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அந்த பைண்டில் இருக்கும். பிறகு வந்த புத்தகங்கள் பலவற்றில் இருக்காது. வீட்டில் புதுப் புத்தகம் ஐந்து பாகமும் இருந்தாலும், பழைய பைண்டை எடைக்குப் போட மனசு வராததற்குக் காரணம் அதுதான்.

படம் என்று வந்துவிட்டதால் ஹாபிட்டின் படங்களையும் பார்த்துவிடலாம். கோல்லம் எவ்வளவு உயரம் என்று பழைய பதிப்புகளில் டோல்கீன் எழுதவே இல்லை. 1962-ல் ஸ்வீடிஷ் பதிப்புக்குப் படம் வரைந்தவர் பின்லாந்தின் டூவே யான்சன். மூமின் கதைகளை எழுதி வரைந்தவர். அவருடைய கோல்லம் தலையில் இலைக் கிரீடத்தோடு பில்போவைவிடப் பல மடங்கு பெரிய பூதம். எழுத்தில் இல்லாததை அவர் எப்படியும் கற்பனை செய்யலாமே? 1966-ல் வந்த திருத்தப் பதிப்பில் அது சிறிய பிராணி என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டது.

சோவியத் ரஷ்யாவில் 1976-ல் வந்த மொழிபெயர்ப்பு இன்னும் வேடிக்கை. ஓவியர் பெலோம்லின்ஸ்கி, எவ்கெனி லியோனோவ் என்ற புகழ்பெற்ற நடிகரின் உருண்டை முகத்தையே பில்போவுக்கு வைத்துவிட்டார். அதோடு, ரஷ்ய மொழியில் பாதத்துக்கும் முழுக் காலுக்கும் ஒரே சொல். தமிழில் 'கால் கழுவிட்டு வா' என்றால் பாதம், 'கால் உடைஞ்சிடுச்சு' என்றால் வேறு இடம், அதே குழப்பம்தான். விளைவு, ரஷ்யப் பில்போவுக்குக் கால் முழுக்க ரோமம்!

அமெரிக்காவில் 1965-ல் வந்த பேலன்டைன் காகித அட்டைப் பதிப்பின் கதை இன்னொரு ரகம். அட்டை வரைந்த பார்பரா ரெமிங்டனுக்குப் புத்தகத்தைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. கதையில் இல்லாத சிங்கம், ஈமு பறவைகள், இளஞ்சிவப்புப் பழம் தொங்கும் மரம் எல்லாம் அட்டையில் வந்துவிட்டன. டோல்கீன் கொதித்துப்போனார். பின்னால் வந்த அச்சுகளில் சிங்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், ஈமு தப்பித்தது. அதனால் இன்று சிங்கம் உள்ள அட்டைக்குத்தான் மவுசு.

அலமாரியில் ஓர் இடம் காலியாகவும் இருக்கிறது. 1938-ல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் ஹாபிட்டை மொழிபெயர்க்க விரும்பியது. கூடவே, நீங்கள் ஆரிய வம்சாவளியா என்று டோல்கீனிடம் விசாரித்தது. ஹிட்லர் ஆட்சிக் காலம். டோல்கீனுக்கு வந்த கோபத்தில் இரண்டு விதமான பதில்கள் எழுதித் தன் பதிப்பகத்துக்கு அனுப்பினார். ஜெர்மன் ஹாபிட் வெளிவந்தது போரெல்லாம் முடிந்து, 1957-ல்தான். போர் ஆங்கிலப் பிரதிகளையும் விடவில்லை. 1937 கடைசியில் இரண்டாவது முறை அச்சிட்டதில் பைண்டு செய்யாமல் கிடங்கில் இருந்த 423 பிரதிகள், 1940 நவம்பரில் லண்டன் மேல் விழுந்த குண்டில் எரிந்துபோயின.

விலையைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். டோல்கீன் தன் முன்னாள் மாணவி ஒருவருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த முதல் பதிப்பு, 2015-ல் லண்டன் ஏலத்தில் 1,37,000 பவுண்டுக்குப் போனது. 2025-ல் பிரிஸ்டல் நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது சாதாரணப் புத்தகங்களோடு கலந்துகிடந்த ஒரு முதல் பதிப்பு கிடைத்தது. அது 43,000 பவுண்டு. நம் பணத்தில் ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய்.

இந்த விலையில் பெரும்பங்கு, பலர் கிழித்துப்போடுகிற மேலுறைக் காகிதத்துக்கு. ஹாபிட் மேலுறையை டோல்கீனே வரைந்தார். சூரியன் சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இன்னொரு வண்ணம் சேர்த்தால் செலவு கூடும் என்றது பதிப்பகம். சூரியன் வெள்ளையாகவே நின்றுவிட்டது. அதே மேலுறையின் மடிப்பில் ஒரு பெயரில் 'ஈ' எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்துவிட, யாரோ உட்கார்ந்து பேனாவால் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அந்த மைக்கோடு இன்று ஓர் அடையாளம்.

இளைய வாசகர்களுக்கு இதே விளையாட்டு ஹாரி பாட்டரில் பழக்கமாகியிருக்கும். 1997-ல் முதல் புத்தகத்தின் கெட்டி அட்டைப் பிரதிகள் 500தான் அச்சாயின; அதிலும் 300 நூலகங்களுக்குப் போய்விட்டன. 53-ம் பக்கத்தில் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வந்திருக்கும். காப்புரிமைப் பக்கத்தில் 10-லிருந்து 1 வரை எண்கள் வரிசையாக இருக்கும். 1 இருந்தால்தான் முதல் அச்சு. 2021-ல் அப்படி ஒரு பிரதி அமெரிக்க ஏலத்தில் 4,71,000 டாலருக்கு விற்றது. நூலகப் பிரதிகளுக்கு இவ்வளவு கிடைக்காது. முத்திரை குத்தி, அட்டை ஒட்டி, நூறு பிள்ளைகள் புரட்டி நைந்திருக்கும். எழுதியவரைக் கேட்டால் எந்தப் பிரதியைப் பார்த்து அதிகம் சந்தோஷப்படுவார் என்பது வேறு விஷயம்.

லட்சங்கள் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2016-ல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் 1937 ஹாபிட்டை அச்சு அசலாக மறுபடி வெளியிட்டது. மன்னிப்புக் கேட்கும் கோல்லம் அதில் அப்படியே இருக்கிறது. வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் வைத்து, கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாமல் இருந்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும். டேப் மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும்.

நான்காவது புத்தகத்தோடு வாசலில் நிற்கிறவர் கையில் இருப்பது அதுதான் என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் பழையதை எடுக்கட்டும். இரண்டிலும் ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்து, கேள்வி கேட்டவர் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். காபி வரக் கொஞ்சம் தாமதமாகலாம்.