பூட்டிய மின்னஞ்சல் குற்றமா?

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சலில் வந்தது. பெற்றோர்கள் பதறியடித்துக்கொண்டு பள்ளி வாசல்களுக்கு ஓடினார்கள். சோதனையில் எதுவும் சிக்கவில்லை, அத்தனையும் புரளி. மிரட்டியவர் பயன்படுத்தியது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டான் மெயில். உடனே தமிழ்நாடு காவல்துறை, அந்த ஆளைப் பிடிப்பதோடு நிற்காமல் அந்தச் சேவையையே இந்தியாவில் முடக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தடை வரப்போகிறது என்று செய்திகள் வெளியாயின. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்டதால் அன்று அது நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே கோரிக்கை நீதிமன்றத்தின் வழியாக வந்தது. தன் ஊழியர்களை இழிவுபடுத்தும் ஆபாச மின்னஞ்சல்கள் வருவதாக ஒரு வடிவமைப்பு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2025 ஏப்ரல் 29 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், புரோட்டான் மெயிலை முடக்குவதற்கான நடவடிக்கையைத் தொடங்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இந்தச் செய்திகள் நம் வீடுகளுக்குள் வேறு ஒரு வடிவத்தில் வந்து சேர்கின்றன. குறிஞ்சிப்பாடியில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பெரியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், சவூதியில இருக்கிற புள்ள லீவுல வந்தப்போ என் போன்ல ஏதோ பூட்டு போட்ட மெயிலாம், அதை வெச்சுட்டுப் போயிருக்கான். நாளைக்கு இதனால நமக்கு ஏதும் சிக்கல் வந்துடாதே? நம்ம பேரு வேற இப்படி இருக்கு."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு இது தொழில்நுட்பக் கேள்வி. நம் சமுதாயத்தில் பலருக்கு இது பயம். ஒளிப்பதற்கு எதுவுமில்லாத நாம் எதற்காகப் பூட்ட வேண்டும், பூட்டினால் சந்தேகப்பட மாட்டார்களா என்ற பயம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மறைகுறியாக்கம் செய்யப்பட்ட மின்னஞ்சலை ஒரு குடிமகன் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆதார் தொடர்பாக ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். குற்ற விசாரணைக்குத் தேவை என்றால் குறிப்பிட்ட நபரின் தகவலைப் பெற அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69 பிரிவு அரசுக்கு வழி வைத்திருக்கிறது. வழி இல்லாமல் போலீசார் கைகட்டி நிற்கவில்லை. 2025 ஜூனில், பல மாநிலங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பியதாகச் சென்னைப் பொறியாளர் ஒருவரை அகமதாபாத் போலீசார் கைது செய்தார்கள். போலி முகவரிகளையும் விபிஎன்னையும் தாண்டித்தான், ஒரு சிறு தவறைப் பிடித்துக்கொண்டு, அவரை எட்டினார்கள். அதற்காக எந்தச் சேவையையும் நாடு முழுவதும் மூட வேண்டியிருக்கவில்லை.

மார்க்கத்தின் நிலை இதைவிடத் தெளிவானது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று சூரத்துந் நூர் (24:27, 28) கட்டளையிடுகிறது. துருவித் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத் (49:12) தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் வந்தது என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உண்டு. சகோதரனின் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பது நெருப்பைப் பார்ப்பது போன்றது என்ற அறிவிப்பை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது அபூதாவூதில் இருக்கிறது. ஆனால் அதன் வழிகள் பலவீனமானவை என்று இமாம் அபூதாவூத் அவர்களே அங்கு சொல்லியிருக்கிறார்கள். அதை ஆதாரமாக்கத் தேவையும் இல்லை, மேற்கண்ட வசனங்களே போதும்.

"அப்படியென்றால் விசாரணையே கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு ஹாத்திப் (ரலி) அவர்களின் சம்பவம் இருக்கிறது. மக்கா வெற்றிக்கு முன், நபியவர்களின் திட்டத்தைக் குறைஷிகளுக்குத் தெரிவிக்கும் கடிதம் ஒன்றை அவர்கள் ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்கள். அலி, ஸுபைர், மிக்தாத் (ரலி) மூவரும் ரவ்ளத்து காக் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டு, அந்தப் பெண்ணை மடக்கிக் கடிதத்தைக் கைப்பற்றினார்கள். அவள் அதைத் தலைமுடிக்குள் மறைத்திருந்தாள். உறுதியான தகவல் இருந்தது, குறிப்பிட்ட ஒரு நபர், குறிப்பிட்ட ஒரு கடிதம். பிறகு ஹாத்திப் (ரலி) அவர்களின் விளக்கமும் கேட்கப்பட்டது. விசாரணைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? மதீனாவிலிருந்து யாரும் இனி கடிதம் அனுப்பக் கூடாது என்று அன்று உத்தரவு போடவில்லை.

சரி, ஒளிப்பதற்கு எதுவுமில்லாத நம்மிடம் என்னதான் இருக்கிறது? நம் ஊர் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். விசாவுக்கு பாஸ்போர்ட் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம், நிக்காஹ் பேச்சுக்காகப் பெண் பிள்ளையின் புகைப்படத்தோடு பயோடேட்டா, வாப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட், நெய்வேலியில் அப்ரண்டிஸ் வேலைக்குச் சான்றிதழ்கள். அனுப்பிவிட்டு லாக் அவுட் செய்யாமலே எழுந்து போகிறார்கள். அடுத்து உட்காருபவர் முன்னால் அத்தனையும் திறந்து கிடக்கிறது. எந்த மறைகுறியாக்கமும் இந்தக் கவனக்குறைவுக்கு மருந்தாகாது. எனவே முதல் வேலை, இந்தக் கடிதங்களை வீட்டிலிருந்து, சொந்த போனிலிருந்து அனுப்பப் பழகுவது. ஆதாரில் கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதார் பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அது போதும் என்கிற இடத்தில் முழு ஆதாரை ஏன் கொடுக்க வேண்டும்?

அடுத்ததுதான் பூட்டு. ஜிமெயிலில் நாம் அனுப்பும் கடிதம் வழியில் பாதுகாப்பாகவே போகிறது. ஆனால் சாவி கூகுளிடம் இருக்கிறது, அவர்கள் நினைத்தால் திறக்க முடியும். விளம்பரத்துக்காகக் கடிதங்களை அலசுவதை நிறுத்துவதாக அவர்கள் அறிவித்ததே 2017-ல்தான். அதில் உள்ள 'கான்ஃபிடென்ஷியல் மோட்' பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது அந்தப் பூட்டு அல்ல. புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா போன்றவற்றில் கடிதத்தின் உள்ளடக்கம் நம் கருவியிலேயே பூட்டப்படுகிறது. சாவி நம் கடவுச்சொல்லோடு கட்டப்பட்டிருப்பதால் நிறுவனத்தாலேயே படிக்க முடியாது. இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு, கடிதப் போக்குவரத்துக்கு அது தாராளம்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. நீங்கள் புரோட்டானிலிருந்து மகனின் ஜிமெயிலுக்கு அனுப்பினால் அந்தப் பூட்டு முழுமையாக இருக்காது. இரண்டு பக்கமும் அதே சேவையில் இருக்க வேண்டும், அல்லது அந்தக் கடிதத்துக்குத் தனிக் கடவுச்சொல் போட்டு, அதைப் போனில் வாயால் சொல்ல வேண்டும். அதே மின்னஞ்சலில் கடவுச்சொல்லையும் எழுதி அனுப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற கதை. இன்னொன்று, புரோட்டானில் தலைப்பு வரிக்கு இந்தப் பூட்டு கிடையாது. எனவே 'வாப்பாவின் கேன்சர் ரிப்போர்ட்' என்று தலைப்பில் எழுதாமல் 'நீ கேட்டது' என்று எழுதுங்கள். டூட்டாவில் தலைப்பும் பூட்டுக்குள் வந்துவிடும்.

யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்பது இவற்றிலும் முழுமையாக மறைவதில்லை. 2021-ல் பிரான்ஸின் சூழலியல் போராளி ஒருவரின் ஐபி முகவரியை சுவிஸ் சட்ட உத்தரவின்படி புரோட்டான் பதிவுசெய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தைக் கொடுக்க அதனால் முடியவில்லை. இந்தச் செய்தியை இரண்டு தரப்பும் படிக்க வேண்டும். குற்றம் செய்துவிட்டு இதற்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பவரும் படிக்க வேண்டும், இது குற்றவாளிகளின் கோட்டை என்று சொல்லித் தடை கேட்பவரும் படிக்க வேண்டும்.

கணக்கு தொடங்கும்போது நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமான கடவுச்சொல் வையுங்கள். பிள்ளையின் பிறந்த தேதி வேண்டாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். புரோட்டானில் மீட்புச் சொற்றொடர் என்று ஒரு சொல் வரிசை தருவார்கள். அதைப் போனில் படம் பிடித்து வைக்காமல் காகிதத்தில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மறந்து புதிதாக மாற்றினால், இந்தச் சொற்றொடரோ வேறு மீட்பு வழியோ இல்லாமல் பழைய கடிதங்களைத் திறக்க முடியாது. நிறுவனத்துக்கு எழுதினாலும் பயனில்லை, அவர்களிடமும் சாவி இல்லை.

இதிலிருந்து நம் வீடுகளுக்கே உரிய ஒரு பிரச்சினை வருகிறது. குடும்பத் தலைவர் மவுத்தாகிவிட்டால், கொடுக்கல் வாங்கல் விவரமெல்லாம் அந்தக் கணக்கோடு பூட்டிக்கொள்ளும். கடன் யாருக்கு, அமானிதம் யாருடையது என்று வாரிசுகள் தேடித் திணறுவார்கள். கடனும் அமானிதமும் உள்ளவர் அவற்றை எழுதி வைப்பதை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது நமக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை வஸிய்யத் எழுதிய உறைக்குள், வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டு, மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெரியவரிடம் கணக்கை அழிக்க வேண்டாம் என்றேன். போனை வாங்கிப் பார்த்தபோது மகன் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி போன் உறைக்குள் செருகி வைத்திருந்தான். அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் பீரோவில் வைக்கச் சொன்னேன்.