எழும்பூர் கிர்க்: நகல் எங்கே முடிகிறது?

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கூம்பு ஒன்று தெரியும். புனித ஆண்ட்ரூ ஆலயம். பழகியவர்களுக்குக் ‘கிர்க்’. ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1818இல் கட்டத் தொடங்கி, 1821இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் நகல் என்பதுதான். முகப்பைப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. வரிசைத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகடு, அதன் பின்னிருந்து எழும் கூம்பு என்ற இந்தச் சேர்க்கையைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் 1720களில் அந்த லண்டன் ஆலயத்தில் நிறுவிக் காட்டினார். கிரேக்க, ரோமானியக் கோயில் முகப்பைக் கிறிஸ்தவ ஆலயத்துக்குப் பொருத்தும் அந்த வழி கடல் கடந்து பல ஊர்களுக்குப் பரவியது.

ஆனால் வாசலைத் தாண்டியதும் நகல் முடிந்துவிடுகிறது. லண்டன் ஆலயத்தின் உட்புறம் நீள்சதுரம். கிர்க்கின் நடுக்கூடமோ வட்டம். குறுக்களவு 81 அடிக்குச் சற்று மேல். வட்டமாக 16 தூண்கள் ஒரு கவிகையைத் தாங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், செயின்ட் மார்ட்டினுக்கு கிப்ஸ் முதலில் வரைந்ததும் வட்ட வடிவம்தான். செலவு அதிகம் என்று லண்டனில் தள்ளிவிட்டார்கள். அந்த வரைபடத்தை அவர் 1728இல் புத்தகத்தில் அச்சிட்டார். லண்டன் கைவிட்ட வட்டம் சென்னையில் எழுந்தது.

எழுப்பியவர் ராணுவப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட். துணிச்சல்காரர். செங்கல்லால் எவ்வளவு அகலமான வளைவு சாத்தியம் என்று நிரூபிக்கவே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நூறடிக்கு மேல் அகலமான வளைவு ஒன்றைக் கட்டிப் பார்த்தவர். அது நூறாண்டுக்கு மேல் நின்றது.

எழும்பூரில் அவருக்கு முதல் சிக்கல் மண். இளகிய நிலத்தில் இத்தனை பாரத்தை எப்படி ஏற்றுவது? இந்த ஊருக்குத் தெரிந்த உறைக்கிணறே விடையானது. உறைக்கு உள்ளிருந்து மண்ணை அள்ள அள்ள, உறை கீழே இறங்கும். மேலே அடுத்ததை வைப்பார்கள். தண்ணீருக்காகப் பழகிய அந்த வேலை இங்கே அஸ்திவாரமாயிற்று. செங்கல்லும் சுட்ட மண் உறைகளுமாக இறக்கிய கிணறுகளின் ஆழம் இடத்துக்கு ஏற்ப 14 அடியிலிருந்து 50 அடிவரை.

அடுத்தது கூரை. செயின்ட் மார்ட்டினின் உட்கூரை மரச்சட்டங்களை நம்பித் தொங்குவது. சென்னையில் மரத்தைக் கரையான் விட்டுவைக்காது. ஆகவே கவிகையைச் செங்கல்லிலேயே வளைத்தார்கள். பாரம் கூடுமே? அதைக் குறைக்க, உள்ளே வெற்றிடம் கிடைக்கும்படி மண்பாண்டக் குழல்களைப் பதித்தார்கள். குயவர் கையில் உருவாகும் பொருள், அஸ்திவாரத்திலும் உச்சியிலும்.

உள்ளே போகிறவர்கள் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். கவிகைக்கு அடர்நீலம் பூசி, பொன்னிற விண்மீன்களைத் தீட்டியிருக்கிறார்கள். மண்குழல்கள் அந்த நீலத்துக்குப் பின்னால் இருக்கின்றன.