கசக்கும் சுரைக்காயில் பொரியல் செய்யலாமா?

கேள்வி: ‘எங்கள் தோட்டத்துச் சுரைக்காய் பாதி, ஒரு கைப்பிடி பீன்ஸ், 2 கேரட் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பொரியல் செய்யலாமா? சுரைக்காய் மட்டும் லேசாகக் கசக்கிறது.’

பதில்: பொரியல் செய்யுங்கள். சுரைக்காயை மட்டும் குப்பைக்குழியில் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் ‘குக்குர்பிட்டாசின்’ என்ற நச்சுப்பொருள். வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்திகூட வரலாம். வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாகற்காயும் கசக்கிறதே என்பீர்கள். அதன் கசப்பு வேறு. மாட்டுக்கும் அந்தக் காயைப் போடாதீர்கள். அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்கவும் வேண்டாம். கசப்புக் குணம் விதை வழியாகவும் தொடரும். எங்கள் வீட்டில் சுரை, பீர்க்கு எதுவானாலும் நறுக்கும்போதே ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவோம்.

சுரைக்காய்க்குப் பதிலாக, அரை மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முதலில் பீன்ஸையும் பருப்பையும் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடுங்கள். பாதி வெந்ததும் கேரட், உப்பு. இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவுங்கள்.