கரையில் காட்டும் கவனம்



நாம் வாழும் அம்மையார்குப்பத்தின் பெயரைக் கேட்கும் அயலூரார் சிலர், "உங்கள் ஊரில் கடல் உண்டோ?" என்று வினவுவதுண்டு. கடற்கரையில் குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு. திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய நம் நெசவூரிலோ தறியின் ஓசையே அலையோசை. ஆயினும் இம்மாதம் நாம் எழுதப் புகுவது படகின் இஞ்சினைப் பற்றியே.

காரணம், கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதிய கடிதம். அவருடைய மகன் சென்ற விசைப்படகின் இஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. இரவு முழுவதும் படகு நீரோட்டத்தில் அலைந்தது. மறுநாள் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. "சாமி, விடியும்வரை செபமாலை சொன்னேன். நான் செபிப்பது சரி. அவன் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்கிறார் அத்தாய். முன்னாளில் கடற்கரைப் பங்குகளில் பணியாற்றியபோது மெக்கானிக்குகளின் அருகே அமர்ந்து நாம் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம். கிணற்றுக்கு டீசல் இஞ்சின் வைத்திருக்கும் நம் உழவர்க்கும் இது பயன்படும். இரண்டும் ஒரே குலத்தவை.

ருடால்ப் டீசல் என்னும் பொறியாளர் 1897 ஆம் ஆண்டு ஜெர்மனியில் இயக்கிக் காட்டிய இயந்திரம் இது. இதில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி இல்லை. உருளைக்குள் புகும் காற்று ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ அமுக்கப்பட்டு, 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் தூவப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது. 1913 இல் கடல் கடந்து சென்ற கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார். அவருடைய இயந்திரமோ இன்றும் கடல்களில் ஓடுகிறது. நம் நாட்டில், 1952 இல் இந்தியாவும் நார்வேயும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, கேரளத்து நீண்டகரையில் இஞ்சின் பொருத்திய மீன்பிடி படகுகள் பழக்கத்திற்கு வந்தன.

கட்டுமரத்திற்குத் துடுப்பும் பாயும் துணை. கனத்த விசைப்படகுக்கோ இஞ்சின் ஒன்றே துணை. அது நின்றால் படகின் முகத்தை அலைக்கு நேரே நிறுத்த இயலாது. படகு பக்கவாட்டில் திரும்பி அலைகளின் அடியை வாங்கும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர் வட்டாரப் பங்குகள் எத்தனையோ குடும்பத் தலைவர்களை இழந்தன. அத்தகைய புயலை எந்த இஞ்சினும் வெல்லும் என்று சொல்லமாட்டோம். ஆனால் சாதாரணக் காற்றிலும் நம் அசட்டையால் உயிர் போகலாகாது.

முதலாவது, எரிபொருள். பாதி காலியான டாங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். அழுக்கும் அதனோடு சேரும். கடல் அமைதியாயிருக்கும்வரை அந்த வண்டல் உறங்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் கலங்கி எழுந்து பில்டரை அடைக்கும். மிகவும் தேவையான வேளையில் இஞ்சின் நிற்பதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. ஆகவே கரை திரும்பியதும் டாங்கை நிரப்புக. புறப்படுமுன் நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுக. பில்டரைக் காலத்தில் மாற்றுக.

இரண்டாவது, எரிபொருள் குழாயில் புகும் காற்று. பில்டரின் மேலுள்ள சிறு திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தால் நுரையோடு டீசல் வரும். குமிழி இன்றித் தெளிவாக வந்தபின் திருகை இறுக்கி, அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. இதனைக் கரையில் பகலில் பலமுறை செய்து பழகியவன்தான் இருளிலும் செய்வான்.

மூன்றாவது, சூடு. இஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் வெளிக்குழாயில் வழிகிறதா என்று அடிக்கடி நோக்குக. வராவிடில் உடனே நிறுத்துக. நீர் இழுக்கும் வாயைப் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கலாம், பம்பின் ரப்பர் இறக்கைகள் கிழிந்திருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம். கொதிக்கும் இஞ்சினின் தண்ணீர் மூடியைத் திறப்பதும், அதன்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஆபத்து.

புகையும் பேசும். கரும்புகை, காற்றுக் குறைவையோ மிகுந்த சுமையையோ குறிக்கும். புரொப்பெல்லரில் வலை சுற்றியிருந்தாலும் அவ்வாறே. நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, நீர் உட்புகுந்ததையோ டீசல் எரியாமல் போவதையோ சொல்லும். அளவுக் குச்சியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் புறப்படவே வேண்டாம். வலையை அறுக்க நீரில் இறங்குமுன் இஞ்சினை முற்றிலும் நிறுத்துக.

நீருக்கடியில் படகோடு பொருத்தப்படும் துத்தநாகத் துண்டு ஒன்று உண்டு. உப்புநீரின் அரிப்பை அது தன்மேல் ஏற்றுக்கொண்டு புரொப்பெல்லரையும் தண்டையும் காக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். பிறருக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் அத்துண்டைக் காணும்போதெல்லாம் நமக்குப் பலிபீடத்தின் நினைவு வரும்.

படகு உரிமையாளர்க்கு ஒரு வார்த்தை. மீன்பாடு குறைந்த மாதத்தில் பில்டரின் செலவைத் தள்ளிப்போடத் தோன்றும். கடன்சுமை நமக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்தச் சிறு மிச்சத்திற்கு ஈடாக வைக்கப்படுவது உம் பணமன்று, உம் படகில் ஏறும் பிறர் பிள்ளைகளின் உயிர். இது கணக்குப் புத்தகத்தோடு முடிவதன்று; மனச்சாட்சியின் காரியம்.

கடிதம் எழுதிய தாய்க்கு நம் மறுமொழி இதுவே. அம்மா, செபமாலையை விடாதீர். மகன் வலையைத் தோளிலிடும்போது, "தம்பி, பில்டரில் தண்ணீர் வடித்தாயா? எண்ணெய் பார்த்தாயா?" என்றும் கேளும். உவமையில் வந்த பத்துக் கன்னியரும் மணமகனுக்காகவே காத்திருந்தனர். ஐவரிடம் எண்ணெய் இல்லை. அவர்களது குறை நள்ளிரவில் தெரிந்தது. ஆனால் நேர்ந்தது பகலில். நம் உள்ளத்தின் அடியிலும் உறங்கும் வண்டல் உண்டு. கடல் அமைதியாயிருக்கும்போதே அதையும் வடித்துவிடுவோம்.