ஒண்ணும் ஆகாது, சார்!

எலெக்ட்ரீஷியன், பல் டாக்டர், அரசாங்கம் - இந்த மூன்று பேரில் யார் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாலும் நான் இரண்டடி தள்ளி நிற்பது வழக்கம். 2006-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஜனங்களும் அப்படித்தான் தள்ளி நின்றார்கள். காரணம் இருந்தது.

பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி ஒளிந்துகொள்ளும் எதிரியை மேலேயிருந்து எப்படி நசுக்குவது என்று அமெரிக்க ராணுவத்துக்கு ரொம்ப நாளாகக் கவலை. பக்கத்து மாநிலமான நெவாடாவின் பாலைவனத்தில், சுண்ணாம்புப் பாறைச் சுரங்கம் ஒன்றின் மேலே 700 டன் வெடிமருந்தைக் கொட்டி வெடித்து, அதிர்ச்சி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கத் திட்டம் போட்டார்கள். அணுகுண்டு இல்லை. அம்மோனியம் நைட்ரேட்டும் எண்ணெயும். அதாவது, வயலுக்குப் போடுகிற சரக்கும் லாரிக்கு ஊற்றுகிற சரக்கும். திட்டத்தின் பெயர் 'டிவைன் ஸ்ட்ரேக்'. வெடிக்கிற சமாசாரத்துக்குத் தெய்வீகப் பெயர் வைக்க அவர்களால்தான் முடியும்!

எவ்வளவு பெரிசு என்கிறீர்களா? 2003 மார்ச்சில், இராக் யுத்தத்துக்குச் சில நாள் முன்னால், 'குண்டுகளுக்கெல்லாம் தாய்' என்று ஒன்றை ஃப்ளோரிடாவில் போட்டுப் பார்த்து டி.வி.யில் காட்டினார்களே, அதில் வெடிமருந்து சுமார் எட்டரை டன்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர் சதாம் உசேன். உள்ளூர்க்காரர்களுக்குச் 'சத்தம் கேட்கும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். விஷயம் முடிந்தது.

நெவாடாவில் அப்படி முடியவில்லை. 2006 மார்ச்சில், திட்டத்தை நடத்திய ராணுவ ஏஜென்ஸியின் டைரக்டர் ஜேம்ஸ் டெக்னிலியா, "அணுகுண்டுச் சோதனை நின்ற பிறகு லாஸ் வேகாஸ் மேலே காளான் மேகம் தெரியப்போவது இதுதான் முதல் தடவை" என்கிற மாதிரி நிருபர்களிடம் சொல்லிவைத்தார். போதாக்குறைக்கு, எவ்வளவு சின்ன அணுகுண்டு போட்டால் போதும் என்று கணக்குப் போட இந்தச் சோதனை உதவும் என்று ஏஜென்ஸியின் பட்ஜெட் பேப்பரிலேயே எழுதியிருந்தது.

காளான் மேகம் என்றதும் யூட்டாவுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. 1951 முதல் 1962 வரை அதே சோதனைக்களத்தில் 100 அணுகுண்டுகளைத் திறந்தவெளியில் வெடித்தார்கள். வேகாஸ் ஹோட்டல் மொட்டைமாடிகளில் பார்ட்டி வைத்து வேடிக்கை பார்த்தார்கள். காற்று வேகாஸ் பக்கம் அடிக்காத நாளாகப் பார்த்து வெடித்ததில், தூசி கிழக்கே போய் செயின்ட் ஜார்ஜ் மாதிரி யூட்டா ஊர்களில் இறங்கியது. "ஆபத்தில்லை" என்று அரசாங்கம் பிரசுரம் போட்டு விநியோகித்தது. அப்புறம் புற்றுநோய் வந்தது. 1990-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, நோய் வந்தவர்களுக்குத் தலைக்கு 50,000 டாலர் என்று நிர்ணயித்தது. "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதற்கு விலை!

சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? "700 டன் வெடித்தால், மண்ணில் தூங்குகிற பழைய தூசி மறுபடி எழும்பாதா?" என்று கேட்டார்கள். ரொம்ப எளிமையான கேள்வி. பாதிப்பு இல்லை என்று அதிகாரிகள் முதலில் அறிக்கை கொடுத்தார்கள். அந்த நிலமே எங்களுடையது என்று சொல்லிவரும் வெஸ்டர்ன் ஷோஷோனி பழங்குடி மக்களும், தூசியில் அடிபட்டவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். மே மாதக் கடைசியில் அந்த அறிக்கையை அதிகாரிகளே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஜூன் 2 என்று குறித்த முகூர்த்தமும் தள்ளிப்போயிற்று.

எதிர்த்தவர்கள் வெறும் கொடி பிடிக்கிற கூட்டமில்லை. யூட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் மாத்திசனின் அப்பா, அதே மாநிலத்தின் முன்னாள் கவர்னர், 1990-ல் புற்றுநோயில் இறந்தவர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த கவர்னர் ஜான் ஹன்ட்ஸ்மனும் வேண்டாமென்றார். தூசி கட்சி பார்த்து இறங்குவதில்லை.

2007 பிப்ரவரி 22-ம் தேதி திட்டம் ரத்து. பயந்துவிட்டோம் என்றா சொல்வார்கள்? வேறு வழிகளைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். பரவாயில்லை, ராணுவத்துக்கும் ஒரு கௌரவம் உண்டில்லையா.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். உலகத்திலேயே பலமான ராணுவத்தை நிறுத்தியது இன்னொரு ராணுவம் இல்லை. ஐம்பது வருஷம் முன்னால் தங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை மறக்காத ஆசாமிகள்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது உங்களிடம் "ஒண்ணும் ஆகாது, சார்" என்றால் சண்டை போடாதீர்கள். மரியாதையாகவே கேளுங்கள்: "போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?"