பிளேடுக்குத் தண்ணீர் எங்கே?

2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளிகள் மாண்டதை நாடே பார்த்தது. குவாரிக் கல்லைப் பலகையாக அறுக்கும் ஆலையில் சத்தமில்லாமல் வரும் சாவை யார் பார்க்கிறார்கள்?

வைரப்பல் பிளேடு சுழலும்போது தண்ணீர் கொட்டினால் தூசி சேறாகி ஓடும். அந்தச் செலவையும் மிச்சம் பிடிக்கும் முதலாளி, காய்ந்த கல்லிலேயே கைமெஷினை ஓட்டச் சொல்கிறான். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூள் நுரையீரலில் படிகிறது. சிலிகோசிஸ்! குணப்படுத்த மருந்தே கிடையாது. 1948-ம் வருஷத்து பாக்டரிச் சட்டமே இதைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய நோயென்று எழுதியது. ஆஜர் புத்தகத்தில் பெயரே ஏறாத காண்டிராக்ட் கூலிக்காக எவன் தெரிவிப்பான்?

கங்கைகொண்டான் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொடுத்தவர்களைக் கேட்கிறோம்: கல்லறுப்பவனுக்கு ஒரு குழாய் கிடையாதா? தோழர்களே, தண்ணீர் கொட்டாத மெஷினைத் தொடாதீர்கள்! ஆஜரில் பெயர் ஏறும்வரை ஆலை வாசலில் நிற்போம்!